பால்காரர் இல்லாத தாலாட்டு

அம்மா போன பிறகு, அப்பா வைக்கிற சோற்றைக் காக்கை தொடுவதில்லை. அமாவாசைக்கு அமாவாசை எங்கள் வீட்டில் இதே கூத்துதான். அப்பா குளித்து, படையல் போட்டு, ஓர் இலைத் துண்டில் சோறும் பருப்பும் ஒரு வடையும் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டுத் தொண்டை வற்றக் கூப்பிடுவார். காக்கை வரும். வந்து பக்கத்து வீட்டுச் சுவரில் உட்கார்ந்து அவர்கள் வைத்ததைத் தின்னும். அப்பாவை ஒரு பார்வை பார்க்கும். பறந்து போய்விடும்.

காக்கை தொடாமல் வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்கக் கூடாது. நான் நாலைந்து தெரு தள்ளிக் குடியிருக்கிறேன், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அமாவாசை அன்று லீவு சொல்லிவிட்டு வந்து அப்பாவுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. சாதாரணமாகவே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதோடு பசியும் சேர்ந்தால் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. மாடியில் அப்பா கூப்பிடக் கூப்பிட, கீழே ரசம் ஆற ஆற, ஊரில் உள்ள அத்தனை காக்கைகளையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா இருந்தபோது இந்தத் தொல்லையே கிடையாது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி மாடியேறி ஒரே ஒரு குரல் கொடுப்பாள். எங்கிருந்தோ வந்துவிடும். அப்பா அதையும் இதையும் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"உங்கம்மா எம்மேல கோவமா இருக்குறா. அந்தப் பொட்டிய நான் எடுக்கலன்னு."

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தனியார் பஸ் டிரைவராக இருந்தவர். காஞ்சிபுரத்திலிருந்து திருப்புட்குழி, தாமல் என்று மேற்கே போய்த் திரும்புகிற பஸ். அந்தக் காலத்தில் எந்த பஸ்ஸில் நல்ல பாட்டு போடுகிறார்களோ அந்த பஸ்ஸுக்குத்தான் கூட்டம் காத்திருக்கும். அதனால் அப்பா சம்பளத்தில் பாதியைப் பாட்டுக் கடையில் கொட்டிப் பிடித்த பாட்டாகப் பதிந்து பதிந்து வாங்கிச் சேர்த்தார். ஓய்வு பெற்றபோது அவரோடு வீட்டுக்கு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட். பெட்டி நேராகக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அது அம்மா தன் பித்தளை அண்டாவுக்காகப் பார்த்து வைத்திருந்த இடம். இடம் பறிபோனதால் அண்டா கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் அண்டாவில் கால் விரலை இடித்துக்கொள்ளாத விருந்தாளி கிடையாது. அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கள் என்று அம்மா சொல்வாள், நாளைக்கு என்று அப்பா சொல்வார். அந்த நாளை வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

ஆகவே பாட்டுகளையெல்லாம் சிடியில் ஏற்றிவிடுவது, பெட்டியைத் தூக்கிப் போடுவது, அண்டாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது, அம்மா கோபம் தணிவது, காக்கை வருவது என்று அப்பா வரிசையாகத் திட்டம் போட்டார். இதில் எந்தப் படியிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் நான் குறுக்கே ஒரு கோடு கிழித்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கோடு கிழிக்க மனசு வரவில்லை.

இந்தக் காலத்தில் யார் சிடி கேட்கிறார்கள் என்று சென்னையிலிருந்து என் தம்பி போனில் சிரித்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான், எதற்கும் ஒரு ஆப் சொல்வான். எல்லாவற்றையும் போனிலேயே போட்டுத் தருகிறேன் என்றான். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. போனில் பாட்டு கேட்டால் நல்ல கட்டத்தில் எவளோ ஒருத்தி கூப்பிட்டு லோன் வேண்டுமா என்று கேட்கிறாளாம். தவிரவும், என்றைக்கோ ஆசைப்பட்டு வாங்கிய சிடி பிளேயர் ஒன்று அவரிடம் இருந்தது. போட்டுக் கேட்க சிடி இல்லாததால், அம்மா தைத்த பூப்போட்ட உறைக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாட்டுக்கு நடுவுல ஆளு பேசுறது ஒரு பால்காரரோட போதும்பா," என்று தம்பியிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பால்காரர் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் புரியும். பெட்டியில் மற்ற எந்த கேசட் போனாலும் அப்பா பிழைத்துக்கொள்வார். ஒன்றே ஒன்று போனால் தாங்க மாட்டார். அதில் அம்மா பாடியிருக்கிறாள்.

தம்பி தொட்டிலில் கிடந்த சமயம். அப்பா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தார். அதற்கு முன்னால் வந்து பேசு, பாடு என்று அம்மாவைக் கெஞ்சிப் பார்த்தார், அவள் மசியவில்லை. ஒரு மத்தியானம் அவருக்கு டூட்டி இல்லை. அம்மா தம்பியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பஸ்ஸில் போடுகிற சினிமாப் பாட்டு கேசட் ஒன்றை எடுத்து, அழியாமல் இருப்பதற்காக அதன் முதுகில் விட்டிருக்கிற ஓட்டையில் பஸ் டிக்கெட்டை மடித்து அடைத்து, செட்டில் போட்டுச் சத்தமில்லாமல் பட்டனை அமுக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அம்மா பாடியது அவளே கட்டிய பாட்டு. அப்பா பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார், ஒவ்வொரு ஊராகத் தாண்டுகிறார், அவர் வருவதற்குள் நீ தூங்கிவிடு என்பதுதான் தாலாட்டு. தாமல் ஏரிக் கரை வந்தாச்சு, தாண்டியாச்சு என்று நல்ல இழுவையில் போய்க்கொண்டிருக்கும்போது, வாசலில் பால்காரர் வந்து, "அம்மா, பாலு" என்று கத்துவார். அவர் வயசானவர், காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் ஊருக்கே கேட்கும். அம்மா பாட்டை நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொல்வாள்.

"வரேன், வரேன். ஏன் இப்படி கத்துறீங்க? கொழந்த தூங்குதில்ல?"

அப்புறம் திருப்புட்குழி வரைக்கும் பாடுவாள். அதற்குள் தம்பி தூங்கிவிட்டான் போலிருக்கிறது, பாட்டு அங்கேயே நின்றுவிடும். பஸ் காஞ்சிபுரம் வந்து சேராது. திடீரென்று பழைய சினிமாப் பாட்டின் டிரம்ஸ் தடதடவென்று மேலே விழும். கட்டிக்கொண்டவனைத் திருப்புட்குழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டாள் என்று அப்பா அந்த இடம் வரும்போதெல்லாம் சொல்வார்.

அந்த கேசட் ஒருதரம் தப்பித் தவறி பஸ்ஸுக்கும் போய்விட்டது. கண்டக்டர் பார்க்காமல் போட்டுவிட்டார். பஸ் நிறைய ஜனம் வாயை மூடிக்கொண்டு தாலாட்டு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தாமல் தாண்டியாச்சு என்று பாட்டில் வந்ததும், பின் சீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்த ஒருவர் பதறி எழுந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டதாகச் சண்டை போட்டிருக்கிறார். பஸ் அப்போதுதான் காஞ்சிபுரத்தை விட்டே கிளம்பியிருந்தது. விஷயம் தெரிந்து அம்மா அப்பாவோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பாவுக்குப் பால்காரர் மேல்தான் தீராத எரிச்சல். மனுஷன் செத்தும் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் கேசட் போடும்போதெல்லாம் அந்த இடத்தில் அப்பா உதட்டைச் சுழிப்பார். நான் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டாள், இந்த ஆளுக்கு மட்டும் உடனே பதில் சொல்கிறாள் பார் என்பார். சிடியில் ஏற்றும்போது பால்காரரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று தம்பியிடம் கேட்டார். அவனும் முடியும், நீங்கள் முதலில் லேப்டாப்பில் பதிந்து அனுப்புங்கள் என்றான். அன்றைக்கு அப்பா முகத்தில் வந்த களையைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. கேசட் நைந்துபோயிருந்தது. கடைசியாகப் போட்டபோது செட் நாடாவை மென்று துப்பி, அப்பா பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி ஒருவழியாகச் சரிசெய்திருந்தார். இன்னும் ஒரே ஒரு தரம் ஓடினால் பெரிது. பதிந்தால் அந்த ஒரே ஓட்டத்தில் பதிய வேண்டும், தவறினால் அம்மா குரல் போனது போனதுதான்.

அதனால் மற்ற கேசட்டுகளை வைத்து முதலில் பழகினோம். தம்பி சிடி தட்டு உள்ள தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினான். டேப்பிலிருந்து ஒயர் போட்டு லேப்டாப்பில் சொருகினால் வெளிச் சத்தம் சேராது என்று சொன்னான். டேப்பில் ஒயர் சொருகும் ஓட்டையைப் பார்த்தால், என்றைக்கோ முறிந்த ஹெட்போனின் முனை உள்ளேயே நிரந்தரமாகக் குடியிருந்தது. சரி, டேப்பைப் பாடவிட்டு லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக் கேட்கவிடுவோம் என்று ஆரம்பித்தோம். லேப்டாப்பும் நன்றாகத்தான் கேட்டது. எங்கள் தெருவை முழுசாகக் கேட்டது.

பக்கத்து வீட்டில் தறி. தெலுங்கு பேசுகிற நெசவாளர் குடும்பம், நான் அண்ணா என்று கூப்பிடுகிற அவர் காலையில் தறியில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார். முதல் சிடி முழுக்கக் காதல் பாட்டு. எல்லாப் பாட்டுக்கும் பின்னால் ஒரே தாளத்தில் தறி. இரண்டாவது சிடியில் குக்கர் விசில், வெங்காயம் விற்கிற வண்டியின் ஒலிபெருக்கி, யாரோ யாரையோ தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவது எல்லாம் இருந்தன. மூன்றாவதில் நானே இருக்கிறேன். வெளியூர்க் கார் ஒன்று வாசலில் நின்று காமாட்சியம்மன் கோயிலுக்கு வழி கேட்க, நான் எரிந்து விழுந்து வழி சொல்வது ஒரு சோகப் பாட்டின் சரணத்தில் துல்லியமாகப் பதிந்திருந்தது. நேராகப் போய் லெஃப்டில் திரும்பச் சொல்கிறேன், போர்டு வைத்திருக்கிறார்களே கண் தெரியாதா என்றும் கேட்கிறேன். அப்பாவுக்கு இப்போது அந்தச் சரணம் என் வசனத்தோடுதான் பாட வருகிறது.

இப்படியே போனால் பால்காரரை எடுப்பதற்கு முன் தறியை எடுக்க வேண்டியிருக்கும் என்று தம்பி சொன்னான். அப்பா பக்கத்து வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டார். கல்யாணப் புடவை, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணா கையைப் பிசைந்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

"அமாவாசைக்கு நாங்க தறியில கை வைக்க மாட்டோம் மாமா. அன்னிக்கு தெருவே கப்சிப்னு இருக்கும். வெச்சிக்கோங்க."

எங்கள் ஊரில் நெசவாளர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. தெருவில் ஒரு தறிகூட ஓடாது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அப்பாவும் நானும் தலையாட்டினோம். தெருச் சத்தம் எட்டாமல் இருக்க மாடி அறையில் வைத்துக்கொள்வது என்றும் தீர்மானித்தோம். மாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் மொட்டை மாடி. அமாவாசை, மொட்டை மாடி என்ற இரண்டையும் சேர்த்து எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று காலையில் அப்பா தெருவையே தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கினார். வீடு வீடாகப் போய் மிக்ஸி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோயிலுக்கு வழி கேட்கிறவர்களைத் தடுப்பதற்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கார் வருவது தெரிந்ததுமே எழுந்து கையைக் காட்டி லெஃப்டில் திருப்பிவிட்டார். நான் விடியும்போதே வந்து குக்கர் வேலையை முடித்திருந்தேன். படையல் போட்டாயிற்று. முதலில் காக்கைக்கு வைத்துவிடுவது, அப்புறம் நிம்மதியாக கேசட் என்பது ஏற்பாடு.

அப்பா இலையோடு மாடிக்குப் போனார், கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மற்ற வீடுகளில் காரியம் முடிந்து சாப்பிடவே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் சுவரில் மட்டும் சோறு அப்படியே காய்ந்தது. கடைசியில் தொங்கிய முகத்தோடு இறங்கி வந்தார்.

"வராதுமா அது. பொட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலதானே இருக்குது. நீ போய் வேலையப் பாரு. சோறு கெடக்கட்டும்."

தானும் அறைக்குள் வந்து இருப்பதாக அப்பா சொல்லவில்லை. அம்மா பாடினால் தான் செருமிவிடுவோம், அதுவும் பதிந்துவிடும் என்று கீழேயே நின்றுகொண்டார். நான் மாடி அறைக்குப் போய்க் கண்ணாடி ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டேன், டேப்பின் பட்டனை அமுக்கினேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் அம்மா. தேய்ந்த நாடாவிலிருந்து மெலிசாக, பக்கத்து அறையில் இருந்து பாடுகிற மாதிரி வந்தாள். இந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டவள்தான் நான், ஆனால் அவள் போன பிறகு அன்றுதான் முதல் தடவை கேட்கிறேன். கண் நிறைந்து வழிந்தது. மூக்கை உறிஞ்சினால் பதிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன். பஸ் ஒவ்வோர் ஊராக வந்துகொண்டிருந்தது. தாமல் ஏரிக் கரையும் வந்தது.

அப்போது வெளியே படிக்கட்டில் தடதடவென்று காலடி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து மொட்டை மாடியில் நின்றார். கீழே இருந்து பார்த்திருக்கிறார், எதிர் வீட்டுத் தென்னை மட்டையில் ஒரு காக்கை உட்கார்ந்து எங்கள் இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு அவருக்குக் கேசட் ஞாபகம் இல்லை, பால்காரர் ஞாபகம் இல்லை, காலையிலிருந்து தெருவையே வாயடைத்து வைத்திருந்ததும் ஞாபகம் இல்லை.

"கா… கா… வா… வா வா…"

நான் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் நானும் பதிவேன். ஜன்னலுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசி நிறுத்தச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் காக்கையைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு இன்னும் பலமாகக் கூப்பிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதையும் ஏதோ ஊக்கம் என்றே எடுத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் அம்மா எதைப் பாடினாள், எங்கே நிறுத்தினாள் என்று ஒன்றுமே என் காதில் விழவில்லை. நான் திரும்பியபோது சினிமாப் பாட்டின் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்த வேகத்திலேயே கரகரவென்று இழுத்து, செட் நாடாவை விழுங்கியது. மூடியைத் திறந்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். இடியாப்பம் மாதிரி சுருள் சுருளாக வந்து, கடைசியில் பட்டென்று அறுந்தது.

அதன் பிறகு நான் வாயைத் திறந்தேன். அப்பாவிடம் அப்படி நான் பேசியதே இல்லை. இருந்தது ஒரே ஒரு பாட்டு, அதையும் கத்திக் கெடுத்துவிட்டீர்கள், அந்தப் பால்காரரே தேவலை, அவர் ஒரு தடவைதான் கத்தினார் என்றேன். அப்பா அறுந்த நாடாவைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். போய் மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட வரச் சொன்னேன். பசியில்லை என்றார். எனக்கும் அதுவரை இருந்த பசி எங்கே போனதென்று தெரியவில்லை. படியில் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, கோபமெல்லாம் வடிந்து பயமாகிவிட்டது.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். ஒரு தடவை கேட்டேன். உடனே இன்னொரு தடவை கேட்டேன். அப்புறம் அதை அப்படியே ஒரு சிடியில் ஏற்றி எடுத்துக்கொண்டு கீழே போனேன். பிளேயரின் பூப்போட்ட உறையைக் கழற்றினேன். அப்பாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், வழியில் இரண்டு பேருமே அண்டாவில் இடித்துக்கொண்டோம்.

சிடி சுற்றியது. இரைச்சல், அப்புறம் அம்மா. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தாமல் ஏரிக் கரை வந்தாச்சு, தாண்டியாச்சு. அந்த இடத்தில் பால்காரர் வர வேண்டும். வரவில்லை. நாடாவில் அவர் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தார், மிச்சத்தை அப்பாவின் தொண்டை மூடிவிட்டது. கா, கா, வா வா என்று அப்பா கூப்பிடுகிறார். அம்மா பாட்டை நிறுத்துகிறாள்.

"வரேன், வரேன். ஏன் இப்படி கத்துறீங்க? கொழந்த தூங்குதில்ல?"

அப்பா அசையவில்லை. சிடியில் அவர் மறுபடியும் வா வா என்கிறார், அவள் திருப்புட்குழி வரைக்கும் பாடி நிறுத்துகிறாள், டிரம்ஸ் தடதடக்கிறது. நான் பிளேயரை நிறுத்தினேன். அவர் வேட்டி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி போடுமா," என்றார்.

போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். அதற்கு அப்புறம் அவரே போட்டுக்கொண்டார். இடையில் நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் இலை காலியாக இருந்தது, வடையைக்கூடக் காணோம். காக்கை தின்றதா, அணில் தின்றதா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் இறங்கி வந்து காக்கை என்றுதான் சொன்னேன். தெரியும் என்கிற மாதிரி அப்பா தலையை ஆட்டிவிட்டு, அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் தம்பிக்கு அதை அனுப்பினேன். கேட்டுவிட்டு உடனே போன் போட்டான், அப்பாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். ரொம்பத்தான் கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் கவலைப்படாதீர்கள், காக்கா கூப்பிடுகிற சத்தத்தை நான் முடிந்த வரைக்கும் எடுத்துவிடுகிறேன் என்றான். ஒன்றையும் தொடக் கூடாது என்று அப்பா அதட்டினார். தம்பிக்கு விளங்கவில்லை. பாட்டுக்கு நடுவில் நீங்கள் எதற்கு என்று கேட்டான். அவள் தனக்குத்தான் பதில் சொல்கிறாள் என்றார் அப்பா. அவன் சிரிக்காமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான்.

"அப்பா, அது பால்காரர்கிட்ட சொன்னதுப்பா. நமக்குத் தெரியும் இல்ல?"

அப்பா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு இன்னாடா தெரியும்? நீ அப்போ தூங்கிக்கினு இருந்த."